மருந்து வேண்டாத தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லை, அந்த மட்டில் நலம். நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் சுகமா, கால் வீக்கம் வடிந்ததா, உப்பைக் குறைக்கச் சொன்னேனே, குறைத்தாயா.

அப்பா கொஞ்ச நாளாக வீட்டில்தான் இருக்கிறார். போனில் நீ கேட்டபோது லீவு என்றேன், லீவு இல்லை, மேனேஜர் அனுப்பிவிட்டார். பால் தொழிற்சாலையில் பாய்லருக்கும் கூலிங் டவருக்கும் போகிற தண்ணீரில் சுண்ணாம்புக் கல் படியாமல், பாசி பிடிக்காமல் இருக்க அப்பா தினமும் மருந்து ஊற்றுவாரே, அந்த வேலை போய்விட்டது. குழாயைச் சுற்றி ஒரு கருவி மாட்டிவிட்டார்கள், அதில் கரண்டு ஓடினால் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு குழாயில் ஒட்டாமல் தூளாகப் போய்விடுமாம், வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளுமாம், ஒரு சொட்டு மருந்து வேண்டாமாம். மாட்ட வந்த இன்ஜினியர் பெண் எல்லோரையும் நிற்க வைத்து, பழைய கல் உதிர்ந்து கொஞ்ச நாள் தண்ணி கலங்கலாத்தான் வரும், யாரும் கை வைக்காதீங்க என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். இவர் பொறுத்தால்தானே. கலங்கின தண்ணீரைப் பார்த்ததும் கை பரபரத்து, மூலையில் மிச்சமிருந்த ஆசிட்டைக் கவிழ்த்துவிட்டார். பழைய குழாயின் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தக் கல்தானாம், அது கரைந்ததும் குழாய் பிய்த்துக்கொண்டு, பாலைக் குளிர்விப்பது நின்று, அன்றைய பால் முழுக்கத் திரிந்து சாக்கடைக்குப் போனது.

மேனேஜர் கத்தவில்லையாம். வீட்டுக்குப் போங்க, கூப்பிடுறோம் என்றாராம். அன்றிலிருந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபமும் வரவில்லை, பரிதாபமும் வரவில்லை, மனசு மரத்துப்போய்க் கிடக்கிறது. அவர் சட்டையில் இப்போது மருந்து வாடை இல்லை, துவைக்கும்போது யாருடைய சட்டையோ என்றிருக்கிறது.

உன் முதல் பிரசவத்துக்கு நான் வராததை நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. மருந்து ஊத்தாம நான் எப்படி வர்றது, நீ போயிட்டா எனக்கு யாரு என்றார் அப்பா, நானும் தங்கிவிட்டேன். அத்தனை பெரிய பாய்லரைக் கட்டி மேய்க்கிற மனுஷனுக்கு வீட்டில் வெந்நீர் போடத் தெரியாது என்று நீயும் நானும் போனில் சிரித்தோம், சிரித்து என்ன, பிள்ளையை நீ தனியாகத்தான் பெற்றாய். இந்தப் பிரசவத்துக்காவது இரண்டு பேரும் போவோம், ஊற்ற மருந்துதான் இல்லையே என்று கேட்டுப் பார்த்தேன். தண்ணி தெளியட்டும், பாக்கலாம் என்றார். நேற்று தொழிற்சாலை ஃபிட்டர் வந்து, அப்பா அங்கே விட்டுவந்த சாப்பாட்டு டப்பாவையும் செருப்பையும் கொடுத்தார். தண்ணி தெளிஞ்சிடுச்சு அண்ணா, குழாய மாத்தினதும் அதுபாட்டுக்கு ஓடுது, பக்கத்துல ஆளே வேண்டாம் என்று வாசலில் நின்றபடியே சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார், மறுபடி போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இன்று காலையில் போய் டிக்கெட் எடுத்துவிட்டேன், ஒன்றுதான். அவர் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லியாயிற்று. வந்து அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். எத்தனை நாளு என்று கேட்டார். தெரியலை என்றேன். கல்யாணமானதிலிருந்து அவர் கேட்ட கேள்விக்கு நான் அப்படிப் பதில் சொன்னதில்லை, அவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், நீ தீர்க்காயுசாக இரு. கனமானது எதையும் தூக்காதே. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை வந்து இறங்குவேன், அழைத்துப்போக மாப்பிள்ளை வந்தால் போதும், நீ அலையாதே.

இந்த மாசக் கடைசி வரை இங்கே இருக்கும்
உன் அம்மா