படுத்துக்கொண்டு போன குண்டு

மார்ச் 4
வீட்டுக்காரர் எனக்காகப் புதுக் குண்டுகள் வாங்கி வந்திருக்கிறார். கனம், நல்ல நீளம். "கனமா இருந்தா காத்து அசைக்காது." குண்டும் மருந்தும் வைத்துத் தோட்டா அடைப்பது அவர் இலாகா, சுடுவது மட்டும் நான். மாதக் கடைசியில் அணித் தேர்வு. அடுத்த வருஷம் எனக்கு வயசு வரம்பு தாண்டிவிடும். பரீட்சித்துப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

மார்ச் 9
கிளப்பில் சுட்டேன். தாளில் ஓட்டைகள் வட்டமாக இல்லை, நீளநீளமாக. சிலது தாளிலேயே படவில்லை. கோச் தாளைப் பார்க்காமலே தீர்ப்பு சொன்னார்: "மூச்சு சரியில்லம்மா." சரி, இனி மூச்சு விடுவதையே நிறுத்திப் பார்க்கிறேன்.

மார்ச் 12
உட்கார்ந்து படித்தேன். குழலுக்குள் திருகாணிபோல் சுற்றி ஓடும் புரிதான் குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. சுழற்சி போதாத பம்பரம் தள்ளாடுமே, அதே கதை. குண்டு நீளமானால் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். என் குழலில் பதினாலு அங்குலத்துக்கு ஒரு சுற்று. குட்டைக் குண்டுக்குப் போதும். இந்த நீள மகாராஜாவுக்குப் போதாது, குட்டிக்கரணம் அடித்துப் படுத்தபடி போய்ச் சேருகிறார்.

இவரிடம் சொன்னேன். "இத்தனை வருஷமா அடைக்கறேன், எனக்குத் தெரியாதா?"

தெரியும், தெரியும்.

மார்ச் 13
மிச்சமிருந்த குட்டைக் குண்டுகளை அடைத்து, அதே தேர்வுக்கு நிற்கும் என் தங்கைக்குக் கொடுத்துவிட்டாராம்! "அவளுக்கும் இதே துப்பாக்கிதானே, பாவம். உனக்குத்தான் நல்லது இருக்கே." தாராளப் பிரபு. குட்டைக் குண்டு கடையில் இப்போதைக்கு இல்லையாம்.

மார்ச் 28
தேர்வு. அணியில் இருப்பது ஒரே இடம். தங்கை டப்பாவை நீட்டினாள்: "அக்கா, பாதி எடுத்துக்கோ." பின்னால் இவர், ஆசை ஆசையாய் அடைத்த தோட்டாக்களோடு. அந்த முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். வேண்டாம்னுட்டேன். ஏன்டி, ஏன்? பதிவிரதைன்னு பட்டமா கொடுக்கப் போறாங்க?

தங்கைக்கு இடம். எனக்கு அனுதாபம். கோச் மறுபடி மூச்சைப் பற்றிப் பேசினார்.

மார்ச் 29
அழுதேன்.

ஏப்ரல் 6
இவர் துப்பாக்கி துடைக்கும் கம்பியில் கோடு போட்டு, குழலுக்குள் மெல்லத் தள்ளி, எவ்வளவு தூரத்தில் ஒரு சுற்று திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சும்மா, துடைக்கறேன்." அளவு நாடா வைத்துத் துடைக்கிற ஒரே மனுஷன்.

ஏப்ரல் 15
தங்கை போன் செய்தாள். "பெரிய போட்டிக்கு நீயே தோட்டா அடைச்சுத் தாக்கா. மாமாகிட்ட சொல்லாதே."

சொல்லிவிட்டேன். தோட்டா அடைக்கும் மேஜையை விட்டு எழுந்து, தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். ஒரு அறிவுரைகூட இல்லை.