பறவையின் இடது

கையாவா
செப்டம்பர் 9

அன்பு மெரில்,

நலமாக இருக்கிறேன். பக்கத்துப் பண்ணையில் ஆடுகள் குட்டி போட்டுவிட்டன. அவை கத்துவது எனக்குக் கேட்பதில்லை, வாய் திறப்பது மட்டும் தெரிகிறது.

நீ கேட்கப்போகும் கேள்விக்குப் பதில்: வந்துவிட்டன. செவ்வாய்க்கிழமை கடல் ஏறியபோது சிப்பி மேட்டில், வடக்கேயிருந்து கடல் தாண்டி வந்த நாற்பத்தொரு குவாக்காப் பறவைகள். எட்டு நாள் இறங்காமல் பறந்த உடம்பு, பழைய மேலங்கி மாதிரி தொங்குகிறது. ஓரத்தில் நின்றது யார் தெரியுமா? நம் நீள மூக்குக்காரி. இடது காலில் சிவப்பு வளையம், வலது காலில் மஞ்சள். நீ கல்லூரி நாட்களில் வளையம் மாட்டும்போது உன் கட்டைவிரலைக் கொத்தினாளே, அவளேதான். இது அவளுக்குப் பதினோராவது வருகை.

பறவைச் சங்கச் செய்தி மடலின் செப்டம்பர் பட்டியலில் அவளைத்தான் முதலில் எழுதப்போகிறேன். மின்னிக் குயிலின் குரலைக் கேட்டதாகப் பக்கத்து வீட்டு நையரி சொல்கிறாள். அதைப் பட்டியலில் சேர்க்கும் முன் ஆதாரம் கேட்டேன். "ஒனக்குத்தான் காதே கெடையாதே லெஸ், ஒங்கிட்ட என்னத்த நிரூபிக்கிறது"ன்னு மடக்கிவிட்டாள். கண் இருக்கிறதே, அது போதும்.

உன் அப்பா

*

நெல்சன்
செப்டம்பர் 16

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் இறந்துவிட்டாள். இந்த மார்ச் மாதம் நான் வந்திருந்தபோது கரையில் கிடந்தாள். வளையங்களைப் பார்த்து நான்தான் குறித்துக்கொண்டேன். வேலியோரம் நீங்கள்தான் குழி வெட்டினீர்கள். அன்று முழுக்க நீங்கள் சாப்பிடவே இல்லை.

உங்களுக்கு அது கொஞ்சமும் நினைவில்லையா?

ஆகஸ்டில் கெட்டிலை அடுப்பில் விட்டு இரண்டு முறை கருக்கியதாக நையரி சொன்னார். அவர்மேல் கோபப்படாதீர்கள், நான்தான் கேட்டேன். என் தெருமுனையில் உள்ள முதியோர் குடியிருப்பில் ஓர் அறை காலியாகிறது. ஜன்னலிலிருந்து கழிமுகம் தெரியும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், மாத முடிவுக்குள் கையெழுத்து வேண்டுமாம். தயவுசெய்து அவளைப் பட்டியலில் எழுதாதீர்கள். யாரும் உங்களைப் பார்த்துச் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது.

அன்புடன்,
மெரில்

*

கையாவா
செப்டம்பர் 22

அன்பு மெரில்,

வேலியோரம் போய்ப் பார்த்தேன். மண் மேடாக இருக்கிறது. மேலே ஒரு சிப்பியும் இருக்கிறது. வைத்தது நான்தான் போலிருக்கிறது.

பிறகு மூன்று நாள் கடல் ஏறும் நேரமெல்லாம் மேட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் அவளைப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. இரண்டாம் நாள் சிவப்பு வளையம் இருந்ததா, நான்தான் மாட்டிவிட்டேனா என்று தடுமாறினேன். மூன்றாம் நாள் எந்தக் காலிலும் எதுவும் தெரியவில்லை. எல்லாம் சேற்று நிறம். தொலைநோக்கியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், துணிதான் கிழிந்தது.

ஒன்று, செத்ததை உயிரோடு பார்த்தேன். இல்லையென்றால், உயிரோடு இருப்பதை நான் புதைத்திருக்கிறேன். இரண்டில் எதுவானாலும் பட்டியல் எழுதும் ஆள் நானில்லை. இருபத்திரண்டு வருட நோட்டுகளை நையரியிடம் கொடுத்துவிட்டேன். "ஒரு குவாக்காவுக்காகவா இவ்வளவும்?" என்று கேட்டாள். 

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தேதி சரிதானா என்று நீயே பார்த்துக்கொள்.

அப்பா

*

நெல்சன்
செப்டம்பர் 29

அப்பா,

படிவம் என் பையில் இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கப் போகிறேனா என்றும் தெரியவில்லை.

நேற்று கோட்டுப் பையில் ஒரு தீப்பெட்டி அகப்பட்டது. மார்ச்சில் அவள் காலிலிருந்து கழற்றியது, நிற வளையங்களோடு மாட்டும் எண் பொறித்த உலோக வளையம், உள்ளே இருந்தது. எண்ணைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும் என்று எடுத்து வைத்தவள், அனுப்ப மனசில்லாமல் அப்படியே விட்டிருக்கிறேன். என் கல்லூரி நாட்களின் பழைய நோட்டை எடுத்து எண்ணை ஒப்பிட்டேன். அது அவளுடையது இல்லை, அப்பா. அதே வாரம் வளையம் மாட்டிய வேறொரு பறவை. அதற்கு இடதில் மஞ்சள், வலதில் சிவப்பு.

அன்று அது வயிறு மேலாகக் கிடந்தது. என் இடது கைப்பக்கம் இருந்த காலை அதன் இடது கால் என்று எழுதிவிட்டேன். பார்ப்பவரின் இடது கணக்கில்லை என்பது நாம் எல்லோரும் முதல் நாளே தெரிந்துகொள்ளும் விதி. அழுதுகொண்டு எழுதினேன் என்பதெல்லாம் காரணமாகாது.

நீங்கள் பார்த்தது அவளைத்தான். நான் எழுதியதை நம்பி உங்கள் கண்ணையே சந்தேகப்பட்டுவிட்டீர்கள்.  கெட்டில் கருகியதும் உண்மை. குழி வெட்டியதை நீங்கள் மறந்ததும் உண்மை. இவற்றையெல்லாம் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது? எழுதுங்கள்.

மெரில்

*

கையாவா
அக்டோபர் 6

அன்பு மெரில்,

நையரி நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒரு வரிகூட எழுதவில்லையாம். "ஓங் கையெழுத்துக்கு நடுவுல எங் கையெழுத்து அசிங்கமா இருக்கும்"னு சாக்கு சொன்னாள். கெட்டில் பற்றி உன்னிடம் சொன்னதற்காக முகம் சிவந்தாள். மூன்று முறை என்று திருத்திச் சொன்னேன்.

ஒன்றை நினைத்துப் பார்த்தாயா? புதைத்தது நினைவிருந்தால் அந்தக் கால்களை நான் பார்த்தே இருக்கமாட்டேன். மறந்ததால்தான் அவளைக் கண்டுபிடித்தேன். இதில் மகிழ்வதா பயப்படுவதா என்று எனக்கும் பிடிபடவில்லை. அடுத்து எதை மறக்கப்போகிறேனோ, அதற்குப் பின்னால் ஒரு பறவை நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

படிவத்தைக் கிழிக்காதே, கொடுக்கவும் வேண்டாம்; இந்த அறை போனால் இன்னொன்று காலியாகும். மார்ச்சில் அவள் வடக்கே கிளம்புவாள். அதுவரை நான் இங்கே இருக்கிறேன். அதன்பின் தேதியை நீயே மாற்றிப் போட்டுக்கொள். கெட்டிலை நையரி எடுத்துப் போய்விட்டாள், விசில் அடிக்கும் ஒன்றை வாங்கித் தந்திருக்கிறாள். எனக்கு அது கேட்கப்போகிற மாதிரி.

மார்ச்சில் நீ வா. மேட்டுக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன். நான் பார்த்துச் சொல்கிறேன், நீ எழுது. எழுதும்போது மறக்காதே, பறவையின் இடது.

அப்பா