கடைசியாக இறங்குபவர்

1934 ஐப்பசி, வெள்ளிக்கிழமை. கண்டி.

மனம் ஆறவில்லை. என் கம்பியில்லாத் தந்தி வகுப்பில் படிக்கும் நசீரின் வாப்பா, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மடவளை ஊரிலுள்ள தன் கடையைப் பூட்டிவிட்டுக் கல்லூரிக்கு வந்திருந்தார். மகன் அடுத்த மாதம் கப்பலில் வேலைக்குப் போகிறான். கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"மாஸ்டர், கப்பல் முங்கப் போனா ஆரு கடைசியா எறங்குற?"

"கப்டன்தான், முதலாளி" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டது கப்டனைப் பற்றியல்ல.

கப்டன் போகச் சொல்லும்வரை தந்திக்காரன் கருவியை விட்டு எழும்பக் கூடாது, மற்றவர்கள் படகில் ஏறினாலும் உதவி கேட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அதே அறையில் காலையில்தான் படிப்பித்திருந்தேன். நசீர் முன்வரிசையில் இருந்து கேட்டவன். இப்போது வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான். என்னைக் காட்டிக் கொடுத்துவிடுவானோ என்று பயந்தேன்.

"ஓம் வாப்பா, கப்டன்தான். நாங்க எல்லாம் அதுக்கு முந்தியே எறங்கிருவோம்" என்றான். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி வாப்பா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

நல்ல மாணவன். கருவியை விட்டு எழும்பவே மாட்டான்.