ஏறாத தண்ணீர்

மார்ச் 12, செவ்வாய். கொட்டகலை.

துருவப் பனி உருகினால் கடல் ஏறும் என்று என் வகுப்புக்கு விளக்க கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஐஸ் கட்டிகளை மிதக்கவிட்டு, மட்டத்தில் கோடு போட்டார். ஐஸ் கரைந்தது. தண்ணீர் கோட்டிலிருந்து அசையவில்லை. எப்படி அசையும்? மிதக்கிற ஐஸ் கரைந்தால் மட்டம் ஏறாது. தரைமேல் கிடக்கிற பனி கடலில் இறங்கினால்தான் ஏறும். அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளந்துதானே ஆராய்ச்சிக்காரர்கள் கடல்மட்டத்தைக் கணிக்கிறார்கள்! இதுகூடத் தெரியவில்லை. இந்த லட்சணத்தில் டையும் சப்பாத்தும் ஒரு கேடு.

"ஏறினதா எழுதிக்குங்க" என்றார், கூசாமல்.

நான் வாயைத் திறந்தேன். "விடுங்க சேர், பெரிய எடத்து ஆளு" என்று பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட அதிபர் காதைக் கடித்தார். மானங்கெட்ட மனுஷன்.

பிள்ளைகள் எல்லோரும் எழுதினார்கள். அந்தக் கடுப்பில், மணி அடித்ததும் சுகந்தியைப் பிடித்துக் கேட்டேன். "தண்ணி ஏறலன்னு கண்ணால பாத்தீல்ல? அப்புறம் ஏன் எழுதுன?"

"எங்கம்மா பறிச்ச தேயிலைக் கொழுந்த நிறுக்கிறப்பவும் தராசு ஒண்ணு காட்டும், தோட்டத்துக் கணக்கப்புள்ள ஒண்ணு எழுதுவாரு சேர். இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்."