பத்து மாடு

பண்டார் தெங்காரா,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அமலோற்பவத்துக்கு,

சந்திரமதி எழுதுவது. இங்கு நலம். பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டதாமே, முட்டிக்குத் தைலம் தடவுகிறாயா? ஜோனதனும் மருமகளும் சுகம்தானே? வாட்ஸ்அப் இருக்க இதென்ன தபால் என்று சிரிப்பாய். அதில் அனுப்பினால், நீ படித்ததற்கு நீலக் குறி விழுந்ததா என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். தபாலில் அந்தத் தொல்லை இல்லை.

நீயும் உன் பெர்த் தோழி ஆட்ரியும் கடற்கரைப் பாறைமேல் உட்கார்ந்திருந்த படம் கிடைத்தது. இருவருக்கும் ஒரே மாதிரித் தொப்பி. கட்டைவிரலை உயர்த்திப் பதில் போட்டேன். அப்புறம்தான், நமக்கும் ஒரு பாறை இருக்கிறதே என்று தோன்றியது. மெர்சிங் பக்கத்துப் பாறை. பள்ளியில் ஒருநாள் நீ அதன் பெயரைச் சொன்னதும், "பத்து மாடா? யாருடி மேய்க்கிறது?" என்று நான் கேலி செய்தேன். மலாய்ப் பாடம் எடுத்தவள் நீ, விடுவாயா? "பத்துன்னா கல்லு, மாடுன்னா தேன். தேன் பாறை. நம்ம ரெண்டு பேருக்கும் ஏத்ததுதான்" என்றாய். ஓய்வு பெற்றதும் சேர்ந்து போவோம் என்றும் சொன்னாய்.

நான் போய்விட்டு வந்துவிட்டேன். அதுவும் புஷ்பவள்ளியோடு! ஆசிரியர் அறையில் நம் கோப்பையில் காப்பி குடித்துவிட்டுக் கழுவாமல் வைப்பாளே, அவளோடுதான். படம் எடுத்து உனக்கு அனுப்பவேண்டும் என்றுதான் போனேன்.

உனக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் சில பிள்ளைகள் பக்கத்து இருக்கையில் பையை வைத்து, தோழிக்காக இடம் பிடித்து வைப்பார்கள். தோழி வந்து வேறு மேசையில் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளையின் முகம் எப்படிப் போகும்? மெர்சிங் போன வேனில் நானும் பழக்கத்தில் பையைப் பக்கத்தில் வைத்திருந்தேன். புஷ்பவள்ளி அதைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, "தள்ளி உக்காருங்க டீச்சர், யாருக்குக் காத்திருக்கீங்க?" என்றாள்.

கரையில் மீன் கெரோப்போக் பொரித்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாவிடம், தேன் பாறை எது என்று கேட்டேன். அவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தேன் இல்லையாம். ஒரே புருஷனுக்கு வாழ்க்கைப்பட்ட இருவரில் ஒருத்திக்கு மற்றவள் மாடாம். எனக்கும் அந்தப் பொருள் தெரியும்தான். நீ தேன் என்றதால் தேன் என்றே இருந்துவிட்டேன். "அலமாக்! அப்ப இது சக்களத்திப் பாறை லா" என்றாள் புஷ்பவள்ளி.

ஒரு மீனவனுக்கு இரண்டு மனைவியாம். திரும்பி வரும் படகை யார் முதலில் பார்ப்பது என்று போட்டி. இவள் தண்ணீரில் ஓர் அடி வைத்தால் அவள் இன்னோர் அடி வைப்பாள். அப்படியே போய்க் கல்லாகிவிட்டார்கள். முன்னால் நிற்கும் கல்லுக்கு முகமே இல்லை, எல்லா அலையும் அதன்மேல்தான். பின்னால் நிற்பதில் சாரோங் மடிப்புக்கூட அப்படியே இருக்கிறது. அவன் என்ன ஆனான் என்று கேட்டேன். "அவனை யாரு இப்ப கேக்கிறா? இவங்க ரெண்டு பேருதான் நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா எண்ணெயைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அங்கே நின்றுதான் புஷ்பவள்ளி சொன்னாள். நீ கெலாங் பாத்தா வீட்டை விற்கிறாயாம். பெர்த்திலேயே தங்கிவிடப் போகிறாயாம். வாரந்தோறும் அவளுக்குக் குரல் பதிவு அனுப்புகிறாயாமே! "உங்ககிட்ட சொல்லலையா டீச்சர்?" என்றாள். "எனக்கு எப்பவோ தெரியும் லா" என்றேன். ஆட்ரிமேல் இருந்த எரிச்சலெல்லாம் அந்த இடத்திலேயே அவள்மேல் தாவிவிட்டது. படம் எடுக்கவில்லை.

திரும்பும்போது அவளே மெதுவாகச் சொன்னாள்: "உங்ககிட்ட சொல்லத்தான் அவங்களுக்குப் பயமாம்." நானும் யோசித்துப் பார்த்தேன். மதிப்பெண் குறைந்த பிள்ளை, தேர்வுத் தாளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கூசாமல் காட்டும். அம்மாவிடம்தான் கடைசியில் காட்டும். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதிதான் மனம் கேட்கிறது.

வீட்டு விஷயத்தில் கையெழுத்துப் போட எப்படியும் நீ வரத்தானே வேண்டும்? அப்போது மறுபடியும் மெர்சிங்குக்கு வேன் பேசுகிறேன். என் பக்கத்து இருக்கையில் பை இருக்கும். நீ வந்து எடு.

உன் மாதா உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். ஆட்ரிக்கு என் வணக்கம் சொல். வரும்போது அந்தத் தொப்பியில் எனக்கும் ஒன்று வாங்கி வா. புஷ்பவள்ளிக்கு வேண்டாம்.

இன்னமும் உன்,
சந்திரமதி