எங்கள் மகளின் அறிக்கையில் இருமும் சிறுவன்

அனுப்புநர்:
வழக்கின் மனுதாரர், எட்டு வயதுப் பெண் குழந்தையின் தாய்,
மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை அளவு பார்ப்பவர்,
சலவைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடி.

பெறுநர்:
மாண்புமிகு நீதிபதி அவர்கள்,
குடும்ப நல நீதிமன்றம்.

பொருள்: குழந்தையை வளர்க்கும் பொறுப்பு குறித்த மதிப்பீட்டு அறிக்கையில் எங்களுக்குப் பிறக்காத மகன் ஒருவன் இடம்பெற்றிருப்பது, மறு மதிப்பீடு கோருதல், அச்சிறுவனைக் கண்டுபிடிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இம்மனுவைச் சுருக்கமாக எழுதவே உட்கார்ந்தேன். மதிப்பீட்டாளரின் அறிக்கை பதினான்கு பக்கம் இருப்பதால் அது கைகூடவில்லை. பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. நானும் என் கணவரும் இரண்டு ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்கிறோம். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மகள் வார நாட்களில் என்னிடமும் வார இறுதியில் அவரிடமும் இருக்கிறாள். அவள் நிலையாகத் தன்னிடமே வளர வேண்டும் என்று இருவருமே கேட்டோம். எங்கள் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது என்று கருதி, தாங்கள் தொழில்முறை மதிப்பீட்டாளர் ஒருவரை நியமித்தீர்கள். அது சரியான முடிவு. நாங்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்னதை நானே நம்பியிருக்க மாட்டேன்.

2. மதிப்பீடு என்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. காத்திருக்கும் கூடத்தில் வைத்திருந்த கையேட்டைப் படித்துத் தெரிந்துகொண்டேன். தாய், தந்தை இருவரிடமும் தனித்தனியாகப் பேசுவார்கள். இரண்டு வீடுகளையும் பார்ப்பார்கள். குழந்தை யாரோடு எப்படிப் பழகுகிறது என்று கவனிப்பார்கள். பள்ளி ஆசிரியரையும் மருத்துவரையும் விசாரிப்பார்கள். பிறகு குழந்தைக்கு எது நல்லது என்று பரிந்துரைப்பார்கள்; தீர்ப்பு நீதிபதியுடையது. படித்து முடித்தபோது மனதுக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கையேட்டின் பிரதி ஒன்றை மதிப்பீட்டாளருக்கும் கொடுத்திருக்கலாம்.

3. மதிப்பீட்டாளர் என் வீட்டில் முப்பத்தைந்து நிமிடங்கள் இருந்தார். அதில் பன்னிரண்டு நிமிடங்கள் பால்கனியில் நின்று கைபேசியில் பேசினார். மீதி நேரத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். "காய்கறிகள் டப்பாக்களில் அடுக்கி, நாள் எழுதி ஒட்டப்பட்டுள்ளன, தாயிடம் கட்டுப்படுத்தும் போக்கு தெரிகிறது" என்று அறிக்கை சொல்கிறது. என் கணவர் வீட்டு ஃப்ரிட்ஜில் நான்கு முட்டைகளும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தனவாம். அது "எளிய, இறுக்கமற்ற வாழ்முறை". என் கணவர் இவ்வளவு காலம் சமைக்கத் தெரியாதவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

4. அவரையும் அறிக்கை விட்டுவைக்கவில்லை என்பதை நியாயத்துக்காகச் சொல்கிறேன். மகள் படித்துக்கொண்டிருந்தபோது அவர் "வாசலருகே ஒதுங்கி நின்றார், பற்றுக் குறைவு" என்று எழுதப்பட்டுள்ளது. வெளிச்சத்தை மறைக்கிறார் என்று அவரை வாசலுக்கு அனுப்பியதே மதிப்பீட்டாளர்தான் என்று என் கணவர் சொல்கிறார். இந்த ஒரு விஷயத்தில் அவரை நம்புகிறேன்.

5. மகளிடம் குடும்பத்தைப் படமாக வரையச் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒரு பூனையை வரைந்தாள். பூனையின் விறைத்த மீசை தாயின் கண்டிப்பையும், கைகள் இல்லாதது அரவணைப்புக்கான ஏக்கத்தையும் காட்டுவதாக ஒன்றரைப் பக்கம் விளக்கம் இருக்கிறது. நான் மகளிடமே கேட்டேன். "எனக்கு மனுஷங்களோட கை வரைய வராதும்மா. பூனைன்னா காலை மடக்கி உக்கார வெச்சிரலாம்" என்றாள். இந்த ஆய்வுக்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

6. இதுவரை சொன்னவற்றுக்காக நான் மனு எழுதியிருக்க மாட்டேன். என் டப்பாக்களைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் தாங்கிக்கொள்வேன். ஒன்பதாம் பக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. அங்கே திடீரென்று "சிறுவன்" வருகிறான். சிறுவனுக்கு மூச்சிரைப்பு நோய் இருக்கிறது. படியேறினால் இருமுகிறான். இருமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறான். ஆகவே அவன் மூன்றாம் மாடியில் தாயோடு இருப்பதைவிடத் தரைத்தளத்தில் தந்தையோடு வளர்வதே நல்லது என்று அறிக்கை முடிகிறது. எங்களுக்கு ஒரே குழந்தை. அவள் பெண். மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஓடி ஏறி, மேலே நின்று என்னைக் கேலி செய்பவள்.

7. அறிக்கையை எடுத்துக்கொண்டு நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "மகன், மகள். ஒரு எழுத்துதாம்மா வித்தியாசம். டைப்பிங்ல மாறியிருக்கும்" என்றார். அந்த ஒரு எழுத்தைத்தான் எட்டு ஆண்டுகளாக வளர்த்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு, எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் மதிப்பீட்டாளரிடமிருந்து திருத்திய பிரதி வந்தது. "சிறுவன்" என்ற இடமெல்லாம் "சிறுமி" ஆகியிருந்தது. இருமல் அப்படியே இருந்தது. கூடவே ஒரு வரிக் கடிதம்: "பாலினப் பிழை திருத்தப்பட்டது; பரிந்துரையில் மாற்றமில்லை." ஆக, என் மகளுக்கு இப்போது அரசு முத்திரையோடு மூச்சிரைப்பு வந்துவிட்டது.

8. இதன் விளைவைத் தாங்கள் அறிய வேண்டும். என் கணவரின் வழக்கறிஞர் அவரிடம் கொடுத்தது இந்தத் திருத்திய பிரதியை மட்டுமே. அதைப் படித்த அன்று மாலையே கணவர் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "புள்ளைய ரெண்டு தடவ ஆஸ்பத்திரில சேத்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல இல்ல?" என்று கேட்டார். அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அது எங்களுக்குப் பழக்கம். அவர் கத்தவில்லை. எந்த மருத்துவமனை என்று மட்டும் கேட்டார். நான் மறுத்தேன். அவர் நம்பவில்லை. நீதிமன்ற முத்திரை இருக்கும் தாளை நம்புவாரா, என்னை நம்புவாரா? அந்த வார இறுதியில் அவர் வீட்டுத் திரைச்சீலைகளையும் கம்பளத்தையும் தூசிக்குப் பயந்து தூக்கிப் போட்டிருக்கிறார். மகளை மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறார். மருத்துவர் மார்பிலும் முதுகிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

9. பெரியவர்களுக்கு அதோடு முடிந்தது. மகளுக்கு முடியவில்லை. அவள் பள்ளியில் ஓட்டப் பயிற்சியை விட்டு நின்றுவிட்டாள். ஏன் என்று ஆசிரியர் கேட்டதற்கு, "எனக்கு உள்ள ஏதோ இருக்கு, அம்மா மறைக்கிறாங்க" என்றாளாம். இப்போது படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று மார்பில் கை வைத்துப் பார்க்கிறாள். மேலே போய் என்னைக் கேலி செய்வதில்லை. என் கடையில் ஒருவரின் பார்வையை அளக்கும்போது ஒரு கண்ணை மூடி மறுகண்ணைப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் முதலிலிருந்து தொடங்குவேன். அடுத்தவர் அளவை இவருக்கு மாட்டி அனுப்பினால் முதலாளி அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அங்கே நான் விற்பது வெறும் கண்ணாடி.

10. சென்ற வியாழக்கிழமை நானும் என் கணவரும் நீதிமன்ற வளாக பெஞ்சில் உட்கார்ந்து, முதல் பிரதியையும் திருத்திய பிரதியையும் வரி வரியாக ஒப்பிட்டுப் படித்தோம். இரண்டு ஆண்டுகளில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. பரிந்துரை அவருக்குச் சாதகமானது. அவர் வாயைத் திறக்காமல் இருந்தாலே அடுத்த விசாரணையில் மகள் அவரிடம் போய்விடுவாள். அவர் முதல் பிரதியின் ஒன்பதாம் பக்கத்தை மறுபடியும் எடுத்துப் படித்தார். பிறகு, "அப்போ இந்தப் பையன் எங்க?" என்றார். அவ்வளவு நாளும் என் வழக்கைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன்.

11. இந்தப் பையன் எங்கோ இருக்கிறான், அம்மையீர். அவன் நோய் எங்கள் கோப்பில் கிடக்கிறது என்றால், எங்கள் மகளின் ஆரோக்கியம் அவன் கோப்பில் இருக்கக்கூடும். படியேறினால் இருமும் ஒரு குழந்தையை, நன்றாக ஓடுகிறான் என்று நம்பி எத்தனையாவது மாடிக்கு அனுப்பியிருக்கிறார்களோ தெரியவில்லை. அதுவும் ஒரு எழுத்து வித்தியாசம்தான் என்று அந்த வீட்டாரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆகவே, மேற்படி அறிக்கையை ஒதுக்கி வைத்து, கையேட்டைப் படித்த வேறொரு மதிப்பீட்டாளரை நியமிக்குமாறும், எங்கள் மகளுக்கு நோய் எதுவும் இல்லை என்பதை அவள் காதுபடத் தாங்களே ஒருமுறை சொல்லுமாறும் வேண்டுகிறேன். நாங்கள் சொன்னால் அவள் நம்புவதில்லை. இவை இரண்டும் அடுத்த விசாரணை வரை காத்திருக்கலாம். அந்த மதிப்பீட்டாளரின் மற்ற கோப்புகளை இன்றே வரவழைத்து, அச்சிறுவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டறிந்து, அவன் பெற்றோருக்குத் தகவல் சொல்ல உத்தரவிட வேண்டும். அது காத்திருக்கக் கூடாது.

நாள்: மார்ச் 12
இடம்: நீதிமன்ற வளாகம், ஜெராக்ஸ் கடை வாசல்

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்து நிற்கும்
(ஒப்பம்) தாய், மனுதாரர்

எதிர்மனுதாரரான தந்தையின் குறிப்பு: குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதில் மனுதாரரோடு எனக்கு உடன்பாடு இல்லை, அதை விசாரணையில் சொல்வேன். பதினோராம் பத்தியைப் படித்த பிறகு கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போக முடியவில்லை.
(ஒப்பம்) தந்தை