கப்பலுக்கு வெட்டிய கிடா

தொரப்பள்ளி,
ஓசூர்.
13.4.2025

சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளை பிரகாஷ் அவர்களுக்கு மாமனார் எல்லப்பன் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத மனம் வரவில்லை. உங்கள் நலத்தை விசாரிக்கவும் மனம் வரவில்லை. முறை என்று ஒன்று இருப்பதால் இந்த வரியை எழுதினேன்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். என் போனை உங்கள் மகன் சுரேந்தர் எடுத்துப் பார்க்கிறான். யாரோடு பேசினேன், என்ன வந்தது என்று எல்லாவற்றையும் பார்க்கிறான். அவனுக்குத் தெரியாமல் உங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. தக்காளிக் கூடையில் விரிக்கும் பழைய பேப்பரைப் பார்த்து நானே எழுதப் படிக்கப் பழகியவன். பிழை இருந்தால், என்ஜினியருக்குப் படித்த நீங்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் கப்பல் சுற்றுலா என்று என் மகள் மணிமேகலையையும் பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டிருக்கிறீர்கள். அது நடக்கக் கூடாது. நீங்களே நிறுத்த வேண்டும்.

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். கோபம் இருக்கிறது. தை மாதம் நீங்கள் லீவில் வந்தபோது, எருது விடும் விழாவுக்கு வந்த சனம் முழுக்க வாசலில் நிற்க, மணிமேகலையைத் தலைமுடியைப் பிடித்து அடுப்படியிலிருந்து இழுத்து வந்தீர்கள். குனியவைத்து ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தீர்கள். மைக்செட் சத்தத்தில் நீங்கள் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை என்பது காரணம். தாடை உடைந்தது. டாக்டர்கள் பல்லோடு பல்லைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். கஞ்சியைக் குழாய் வைத்து உறிஞ்சினாள். இன்றும் இடது பக்கம் மெல்ல முடியவில்லை. தடுக்க வந்த சுரேந்தரைத் தரையில் தள்ளி, அவன் கழுத்தில் முட்டிக்காலை வைத்து, நான் போட்ட சோத்துல வளந்த கைடா இது, எங்கிட்டயே ஓங்குதா என்று கேட்டீர்கள். அவன் முகம் கறுத்துவிட்டது. அப்போதுதான் நான் மண்வெட்டிக் காம்பால் உங்கள் தோளில் அடித்தேன். இரண்டாவது முறை மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தேன். மணிமேகலை என் காலைக் கட்டிக்கொண்டாள். நிறுத்தினேன்.

அடித்ததற்கு நான் வருந்தவில்லை. பஞ்சாயத்தில் உங்கள் அண்ணன் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். நீங்கள் சிங்கப்பூர் திரும்பிய பிறகு கப்பல் படங்களை அனுப்பி வைத்தீர்கள். பழசை மறந்து குடும்பமாக ஒரு வாரம் கடலில் இருக்கலாம் என்றீர்கள். கடைசிவரை உங்களோடு போக மாட்டேன் என்று சொன்ன என் மகள், அந்தப் படங்களைப் பார்த்து இளகிவிட்டாள். நாலு பேர் இருக்கற எடம்ப்பா, அங்க கை நீட்ட மாட்டாரு, அப்படியே மனசும் மாறிடும் என்கிறாள். சௌமியாவுக்குப் பதினான்கு வயது. மேல்தளத்தில் சறுக்கு விளையாட்டு இருக்கிறதாம், எந்நேரமும் ஐஸ்கிரீம் கிடைக்குமாம். எந்த நாளுக்கு எந்த உடை என்று பையில் அடுக்கி வைத்துவிட்டாள்.

சுரேந்தர் முதலில் அந்தப் படங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் உட்கார்ந்து கப்பலின் நிகழ்ச்சி நிரலை முழுவதும் படித்தான். அதன் பிறகுதான் உங்களுக்கு ஸாரி என்று செய்தி போட்டான். வயதுப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு அறை எடுக்க வேண்டும் என்று கப்பல்காரன் சொன்னதாகவும், அம்மாவும் தங்கச்சியும் ஓர் அறை, அப்பாவும் நானும் பால்கனி வைத்த அறை என்று சுரேந்தரே பிரித்துக் கொடுத்ததாகவும் மணிமேகலையிடம் பெருமையாகச் சொன்னீர்களாம். பையன் வழிக்கு வந்துட்டான் பாத்தியா என்றீர்களாம். அவனுக்குக் கடலே பிடிக்காது மாப்பிள்ளை. மெரினாவில் கால் நனைக்கக்கூட வராதவன். அது உங்களுக்குத் தெரியாது.

பயணம் நல்லபடியாக முடிய முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டச் சொன்னீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை வெட்டினோம். நீங்கள் எங்கள் கோயிலில் ஒருநாளும் முழுதாக நின்று பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். கிடாவின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதற்குப் பிறகுதான் கத்தி. துலுக்காத கிடாவை எங்கள் கோயிலில் எவனும் வெட்டியதில்லை.

வழக்கமாக வெட்டுகிறவர் இருந்தும், நான் வெட்டறேன் என்று சுரேந்தர் கத்தியை வாங்கிக்கொண்டான். பூசாரி சென்னகிருஷ்ணன் தண்ணீர் ஊற்றினார். கிடா அப்படியே நின்றது. மறுபடி ஊற்றினார். காதைக்கூட ஆட்டவில்லை. இருங்கப்பா, அவசரப்படாதீங்க, இன்னிக்கு அய்யனுக்கு வெளியூர் வேலை போல இருக்குது என்று பூசாரி சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கத்தி இறங்கிவிட்டது. ஒரே வெட்டு. தலை பூசாரியின் காலடியில் விழுந்தது. உடம்பு நாலு காலிலும் நின்று, பிறகு சாய்ந்தது. டேய், துலுக்கலடா பாவி என்று பூசாரி கத்தினார். முகத்தில் தெறித்த ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு சுரேந்தர் சொன்னான், துலுக்கற வரைக்கும் நின்னா என்னிக்குமே வெட்ட முடியாதுங்க.

அந்தக் கறியை யாரும் தொடவில்லை. குழி தோண்டிப் புதைத்தோம்.

தண்ணீர்த் தொட்டியில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தவனைப் பிடித்து, என்னடா உன் மனசுல என்று கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை. அன்னிக்கு நீங்க பாதியில நிறுத்திட்டீங்க தாத்தா என்றான். கப்பலில் இரண்டாம் நாள் சாயங்காலம் பெரிய ஆட்டம் பாட்டம் இருக்கிறதாம். அம்மாவும் தங்கையும் அதற்குப் போய்விடுவார்களாம். தலைவலி என்று இவன் அறையில் இருந்துகொள்வானாம். நீங்கள் பால்கனியில் உட்கார்ந்து குடிப்பீர்களாம். குடிச்சிட்டு விழுந்துட்டாருன்னு நானே போய்ச் சொல்லுவேன், தேடறதுக்குள்ள கப்பல் எவ்ளோ தூரம் போயிருக்கும் என்றான். பரீட்சை அட்டவணை சொல்வது போலச் சொன்னான். கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். முகத்தைத் திருப்பாமல் வாங்கிக்கொண்டான்.

மணிமேகலையிடம் சொன்னேன். அவன் கொழந்தப்பா, வாயிலதான் பேசுவான் என்கிறாள். உங்களைப் பற்றியும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக் கப்பலை நிறுத்துங்கள். காரணத்தைப் பையனிடம் சொல்லாதீர்கள். நீங்கள் கடலோடு போனால் நான் அழ மாட்டேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அவன் பன்னிரண்டாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை. அவன் கொலைகாரன் ஆகக் கூடாது. நான் உங்களிடம் கேட்கும் முதல் உதவி இது.

இப்படிக்கு,
எல்லப்பன்


தொரப்பள்ளி,
ஓசூர்.
4.5.2025

மாப்பிள்ளை பிரகாஷ் அவர்களுக்கு எல்லப்பன் எழுதுவது.

என் கடிதம் கிடைத்தது என்று தெரிந்துகொண்டேன். வீடு முழுக்கத் தெரிந்துகொண்டது. வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று கேட்டேன். நீங்கள் அன்றைக்கே சுரேந்தருக்குப் போன் செய்து, என்னத் தள்ளி விடுவியாமேடா, கெழவன் எழுதியிருக்கான், ஆம்பளன்னா கப்பலுக்கு வாடா, எவன் தண்ணியில விழறான்னு பாக்கலாம் என்றீர்கள். பதினேழு வயதுப் பிள்ளையிடம் தகப்பன் பேசும் பேச்சு. போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் சௌமியா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் தட்டை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். ரெண்டு பேர்ல யாரு விழுவாங்க தாத்தா என்று கேட்டாள். அடுக்கி வைத்த உடைகளைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டாள். மணிமேகலை மட்டும், சும்மா மெரட்டறாரு, நேர்ல பாத்தா சரியாயிடும் என்று அதே பாட்டைப் பாடினாள். சுரேந்தர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். போவதில் மட்டும் உறுதியாக இருந்தான். நீங்கள் சவால் விட்ட பிறகு அவனை எவன் நிறுத்துவான்?

நானே நிறுத்தினேன். போன வெள்ளிக்கிழமை காலை, மூன்று பாஸ்போர்ட்டையும் பீரோவிலிருந்து எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். அட்டை சட்டென்று எரியவில்லை. குச்சியால் தள்ளித் தள்ளி எரித்தேன். நாற்றம் வந்து சுரேந்தர் பின்பக்கம் ஓடிவந்தான். அடுப்புக்குள் கையை விட்டான். நான் அவனைப் பிடித்து இழுத்தேன்.

பிறகு நடந்ததை எழுதுகிறேன், நீங்கள் படிக்க வேண்டும். என் தோளில் கிடந்த துண்டை முறுக்கிப் பிடித்தான். இழுத்துத் தலையைக் குனியவைத்தான். முட்டியால் முகத்தில் அடித்தான். எங்கிட்டயே உன் வேலையக் காட்டறியா என்று கேட்டுக் கேட்டு அடித்தான். மூக்கு உடைந்தது. முன்பல் ஒன்று போனது. கீழே விழுந்த பிறகு விலாவில் மிதித்தான், எலும்பு முறிந்த சத்தம் என் காதிலேயே கேட்டது. நான் கை ஓங்கவில்லை. பக்கத்தில் விறகுக்கட்டை கிடந்தது, எடுக்கவில்லை. என் வயதுள்ள ஓர் ஆளை அடித்து வீழ்த்துவது பெரிய காரியமில்லை, ஆனாலும் சொல்கிறேன், அவன் கை உங்கள் கையைவிடக் கனம்.

மணிமேகலை வாசற்படியில் நின்று பார்த்தாள். ஓடிவந்து தடுக்கவில்லை. அவளால் நகர முடியவில்லை. அவள் கை தானாக இடது தாடையைப் பிடித்துக்கொண்டது. தலையைக் குனியவைத்து அடிக்கும் அந்த முறை, அந்தக் கேள்வி, எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை. பிறகு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அவள் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. நீயும் அவருதான்டா என்று மட்டும் சொன்னாள். அவன் அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் மாடு முட்டியது என்று சொன்னேன். என்ன மாடு தாத்தா, பல்லைப் பார்த்து முட்டுது என்று நர்ஸ் பெண் கேட்டாள். வீட்டு மாடுதாம்மா என்றேன். வேறு யாரும் கேட்கவில்லை.

கப்பல் வேண்டாம் என்று மணிமேகலை நேற்று தன் வாயால் சொல்லிவிட்டாள். இந்த வீட்டை விட்டு எங்கும் வர மாட்டாளாம். வக்கீலைப் பார்க்கவும் சம்மதித்துவிட்டாள். காகிதம் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். புது பாஸ்போர்ட்டுக்கு நீங்கள் அங்கிருந்து எந்த ஏற்பாடும் செய்ய வேண்டாம்.

சுரேந்தர் கை வெந்து கட்டுப் போட்டிருக்கிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்றுதான் கிட்ட வந்து நின்றான். மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தை எனக்கு வராது. போய்ச் சாப்பிடுடா என்றேன். சாப்பிட்டான். பேச்சு ஒன்றே ஒன்றுதான் வந்தது. அவரு ஊருக்கு எப்ப வருவாரு தாத்தா என்று கேட்டான்.

அரிவாள், மண்வெட்டி, வெட்டுக்கத்தி எல்லாவற்றையும் வீட்டிலிருந்து எடுத்துப் பூசாரி வீட்டில் கொடுத்துவிட்டேன். கையை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

மாப்பிள்ளை, குடியைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஈரலுக்கு ஆகாது. ரோடு தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்துத் தாண்டுங்கள். காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். பொங்கல், தேர், சாவு, வாழ்வு என்று யார் கூப்பிட்டாலும் கிளம்பாதீர்கள். நான் செத்தாலும் வராதீர்கள். தலை முழுக்க நரைத்து, எல்லாப் பல்லும் தானாக விழுந்து, அந்த ஊரிலேயே ஒரு கட்டிலில் உங்கள் காலம் முடிய வேண்டும். வாயாரச் சொல்கிறேன், நூறு வயது வரைக்கும் நன்றாக இருங்கள். அங்கேயே இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆயுளுக்காக முனீஸ்வரனுக்கு விளக்கேற்றும்
எல்லப்பன்